வங்கியும் போயிற்று, தொலைபேசியும் போயிற்று

2025 ஆகஸ்ட் 17ஆந் திகதி பிற்பகல் கொழும்பு மத்திய அஞ்சல் பரிமாற்றகத்தில் தொடங்கிய பணிப்புறக்கணிப்பு, மறுநாள் இலங்கை முழுவதற்கும் பரவிற்று. பத்தொன்பது கோரிக்கைகள். அவற்றுள் முன்னணியில் நின்றவை இரண்டு: மேலதிக நேரக் கொடுப்பனவு, கைவிரல் அடையாளத்தின் மூலம் வரவைப் பதியும் முறை. அரசாங்கம் இறங்கி வரவில்லை. 24ஆந் திகதி ஊழியர்கள் வேலைக்குத் திரும்பினர். ஒரு வாரகாலம் நாட்டிலே கடிதம் அசையவில்லை.

அந்த ஒரு வாரத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. நான் பழகும் வட்டாரத்தில் எவருமே அதற்காகக் கோபங்கொள்ளவில்லை. வழக்குத் தவணைக்கும் நேர்முகப் பரீட்சைக்கும் கடிதம் எதிர்பார்த்திருந்த சிலர் தவித்தனர் என்பது உண்மை. ஏனையோர் பத்திரிகையில் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினர். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் தபாற்காரர் ஒரு நாள் வராவிட்டாலே ஊர் கூடிப் பேசும். நிருபரின் செய்தி வராது; பத்திரிகைக் கட்டு ஊர் போய்ச் சேராது; மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பிய காசுக்கட்டளை வீட்டுக்குக் கிடைக்காது. இன்று ஒரு வாரம் நின்றும் சலனமில்லை. ஒரு பொதுச்சேவைக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறென்ன?

“மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வந்தபின் கடிதம் யார் எழுதுகிறார்கள்?” என்று கேட்டு இதனை முடித்துவிடுவோர் பலர். அமைச்சர்களும் அதிகாரிகளும் சொல்லும் விளக்கமும் அதுவே. அதில் உண்மை இருக்கிறது. ஆயினும் அது முழு உண்மையன்று. இலங்கைத் தபாற்கந்தோரின் கைகால்கள் வெட்டப்பட்டது, மின்னஞ்சல் என்ற சொல்லையே நாம் கேள்விப்படுவதற்கு முன்பு. அந்தக் கதையைச் சற்றுப் பின்னிருந்து சொல்லவேண்டும்.

கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் கொண்டுசெல்லும் குதிரை வண்டிச் சேவை 1832 பெப்ரவரி முதலாந் திகதி ஆரம்பமாயிற்று. ஆசியாவிலேயே இதுதான் முதலாவது என்பது நம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் வெட்டுவித்த கண்டி வீதி படைகளை நகர்த்துவதற்காக அமைக்கப்பட்டதேயாயினும், தபாலும் அதே வீதியால் ஏறிற்று. அதற்கு முன் தபாலைக் கொண்டுசென்றவர்கள் ஓட்டக்காரர்கள். ஒருவர் குறித்த தூரம் ஓடி அடுத்தவரிடம் பையைக் கொடுப்பார். அவர் அதற்கடுத்தவரிடம் கொடுப்பார். வண்டி வந்தபின்னரும் வண்டி போகாத இடங்களுக்கு ஓட்டக்காரரே போயினர்.

எங்கள் தொழிலின் முன்னோர் இந்த வேகம் போதாதென்று புறாக்களைப் பழக்கிய கதை சுவையானது. ஐரோப்பாவிலிருந்து நீராவிக் கப்பல்கள் அன்று காலித் துறைமுகத்துக்கே வரும். காலியிலிருந்து கொழும்புக்கு எழுபது மைலுக்குச் சற்று மேல். கோப்பி விலை இலண்டனில் ஏறிற்றா, இறங்கிற்றா என்பதைக் கொழும்பு வர்த்தகர்கள் அறியத் துடித்த காலம். ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை 1850இல் காலியிலிருந்து புறாக்களின் காலிற் செய்தியைக் கட்டி அனுப்பத் தொடங்கிற்று. கிரைமியப் போர்ச் செய்திகளும் அவ்விதமே வந்தன. 1858இல் இரு நகரங்களுக்கும் இடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. புதிய தொழில்நுட்பம் வந்து பழையதை வீட்டுக்கு அனுப்புவது தபால் வரலாற்றில் முதல் தடவையன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் தபாற் சேவை அந்தப் புதியதைத் தன்னுள் இழுத்துக்கொண்டு வளர்ந்தது. றெயில் வந்தது, தபால் அதில் ஏறிக்கொண்டது. தந்தி வந்தது, அது தபாற்கந்தோரின் ஒரு கரும்பீடமாயிற்று. தொலைபேசி வந்தது; அதுவும் அவ்வாறே.

1857 ஏப்ரல் முதலாந் திகதி இலங்கையின் முதலாவது முத்திரை வெளிவந்தது. ஆறு பென்ஸ் பெறுமதி, விக்டோரியா மகாராணியின் தலை. 1877இல் இலங்கை சர்வதேசத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்தது. 1885இல் தபாற்கந்தோர் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. என் கணிப்பில் இம்மூன்றிலும் முக்கியமானது கடைசியாகச் சொன்னதே. நகரத்து வர்த்தகருக்கு வங்கி இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கும், கமக்காரனுக்கும், வாத்தியாருக்கும், விதவைத் தாய்க்கும் வங்கி என்றால் அது உப தபாற்கந்தோரின் மரக் கரும்பீடந்தான். ஐந்து ரூபா போடலாம், இரண்டு ரூபா எடுக்கலாம், ஒருவரும் ஏளனமாகப் பார்க்கமாட்டார்.

வடபகுதிக்கு இது எவ்வளவு முக்கியமானது என்பதை யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்கத் தேவையில்லை. 1905இல் வடக்குக்கான புகையிரதப் பாதை முழுமையடைந்தது. கொழும்பில் எழுதுவினைஞராகவும், நிலைய அதிபராகவும், ஆசிரியராகவும் வேலை பார்த்தவர்களின் பணம் மாதந்தோறும் காசுக்கட்டளையாக வடக்கே போயிற்று. மலாயாவிலிருந்தும் வந்தது. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரம் மணியோடர் பொருளாதாரம் என்று கேலியாகச் சொல்வார்கள். அந்தக் கேலிக்குள் ஓர் உண்மை உண்டு. கல்வீடும், கிணறும், பெண்ணின் சீதனமும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணமும் தபாற்காரரின் தோற்பையிலிருந்தே வந்தன. அவர் வருகிற நேரத்துக்குப் படலையடியில் ஆள் நிற்கும்.

இரவுத் தபால் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் அப்பாற் போகமுடியாது. ஓடும் வண்டியிலேயே ஊழியர் கடிதங்களைத் தரம் பிரிப்பர். ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய பை, அந்த நிலையம் வருவதற்குள் கட்டி முத்திரையிட்டு ஆயத்தமாக இருக்கவேண்டும். குலுங்கும் வண்டியில், மங்கலான விளக்கில், நின்றபடி செய்யும் வேலை. மாலையில் யாழ்ப்பாணத்தில் போட்ட கடிதம் மறுநாட் காலையில் கொழும்பில் இருக்கும். எங்கள் பிரதேச நிருபர்கள் பெரும்பாலும் அந்த வண்டியை நம்பியே எழுதினர். அவசரச் செய்தியென்றால் தந்தி; பத்திரிகைத் தந்திக்குச் சலுகைக் கட்டணம் இருந்தது. செய்தித்தாளாகப் பதிவு செய்யப்பட்ட வெளியீடுகளுக்குத் தபாற் கட்டணத்திலும் சலுகை உண்டு. சிறு சஞ்சிகைகள் பல அந்தச் சலுகையில்தான் உயிர் வாழ்ந்தன. ஆசிரியர் பகுதியில் ‘தபால்’ என்று ஒரு தட்டு இருக்கும். காலையில் அது நிறைந்திருந்தால் அன்றைக்குப் பத்திரிகை நிறையும்.

இவ்வளவையும் ஏக்கத்திற்காகச் சொல்லவில்லை. ஊரவர் தபாற்கந்தோருக்குப் போவதற்குக் கடிதம் ஒரு காரணம் மட்டுமே. பணம், சேமிப்பு, தந்தி, தொலைபேசி அழைப்பு, பிச்சைச் சம்பளம் என்று இன்னும் ஐந்தாறு காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டதுதான் வீழ்ச்சியின் வரலாறு.

முதலில் போனது வங்கி. 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சேமிப்பு வங்கி அமைக்கப்பட்டது. 1832இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியும் தபாற்கந்தோர் சேமிப்பு வங்கியும் அதனுள் அடங்கின. 1972இல் புதிய வங்கி இயங்கத் தொடங்கிற்று. நிதியமைச்சராக இருந்தவர் கலாநிதி என். எம். பெரேரா. சிதறிக்கிடந்த சிறு சேமிப்பை ஒன்றுதிரட்டி அரசின் அபிவிருத்திக்குப் பயன்படுத்துவது என்ற நோக்கத்தை நான் குறைகூறமாட்டேன். ஆனால் தபாற்கந்தோர் அதன்பின் இன்னொருவருடைய வங்கிக்கு முகவராயிற்று. புத்தகத்தில் பதிவதும், கையொப்பம் பார்ப்பதும், காசு எண்ணுவதும் அதே தபாலதிபரே. வாடிக்கையாளர் மட்டும் அவருடையவர் அல்லர்.

இந்தியாவைப் பார்க்கவேண்டும். அங்கும் தபாற்கந்தோர் சேமிப்பு வங்கி நம்முடையதைப் போன்றே 1880களில் பிறந்தது. அதனை அவர்கள் பிரித்தெடுக்கவில்லை. இன்றும் இந்திய அஞ்சல் துறையின் கையிலேயே இருக்கிறது. 2018 செப்டெம்பரில் அதற்கும் மேலாக அஞ்சல் கொடுப்பனவு வங்கி ஒன்றையும் தொடங்கி, தபாற்காரரையே வீட்டுவாசலுக்கு வரும் வங்கியாளராக்கினர். இந்திய அஞ்சல் சேவை இலாபத்தில் நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அங்கே கிராமத்தவருக்குத் தபாற்கந்தோர்ப் படியேற இன்னும் காரணம் இருக்கிறது என்பதே நான் சொல்லவருவது.

இரண்டாவதாகப் போனது தொலைபேசி. 1980இல் தபால், தொலைத்தொடர்பு என்று திணைக்களம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. அன்று அதனைப் பெரிய இழப்பாக யாரும் எண்ணவில்லை. தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலம் அது. அந்தப் பொல்லாப்புத் தொலைந்தது என்றே தபாற் பகுதியினர் சிலர் நினைத்திருக்கக்கூடும். 1991இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1997இல் அதன் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்ரிரி நிறுவனம் வாங்கிற்று. வருமானம் வளரப்போகும் பக்கம் ஒரு கைக்கும், தேயப்போகும் பக்கம் மறு கைக்கும் போயிற்று.

அதன் விளைவை நாம் கண்ணாற் கண்டோம். 1990களில் சந்திக்குச் சந்தி ‘கொமியூனிகேஷன்’ கடைகள் முளைத்தன. போரினால் இடம்பெயர்ந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறைகளில் தங்கியிருந்த தாய்மார், பிள்ளைகள் கனடாவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ எடுக்கப்போகும் அழைப்புக்காக அந்தக் கடைகளின் வாங்குகளில் மணிக்கணக்காகக் காத்திருந்தனர். பணம் உண்டியல்காரர் மூலம் வந்தது. ஓர் இனத்தின் பெருந்தொகையானோர் கடல் கடந்து போய், குரலும் காசும் நாள்தோறும் எல்லை தாண்டிய காலம் அது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கந்தோர்களையும் உப கந்தோர்களையும் கொண்ட ஒரு தாபனத்துக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வராது. ஆனால் அதன் கையில் வங்கியும் இல்லை, தொலைபேசியும் இல்லை. முத்திரையும் பசையும் இருந்தன.

எதிர்த்துப் பேசத் தபாலமைச்சர்கள் எங்கே போனார்கள் என்று வாசகர் கேட்கலாம். சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் தபால், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் மன்னார்ப் பிரதிநிதியான சி. சிற்றம்பலம். வங்கி பறிபோன காலத்தில் அப்பதவியில் இருந்தவர் செல்லையா குமாரசூரியர். அண்மைக் காலத்தில் ரவூப் ஹக்கீம், அப்துல் ஹலீம் ஆகியோரும் அப்பொறுப்பை வகித்தனர். சிங்கள அமைச்சர்களும் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அமைச்சரவையில் ஒரு தமிழரையோ முஸ்லிமையோ உட்காரவைக்க வேண்டிய போதெல்லாம் தபாலமைச்சு கைக்கெட்டும் கதிரையாக இருந்திருக்கிறது. நிதியமைச்சரோடு மோதித் தன் திணைக்களத்தின் வங்கியைக் காப்பாற்றும் பலம் அந்தக் கதிரைக்கு இருக்கவில்லை. குமாரசூரியர் ஒருவரை மட்டும் இதற்காகக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. கதிரையின் இயல்பே அது.

இந்த இடத்தில், தபாலின் அரசியற் பெறுமதியை மிக நன்றாக உணர்ந்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்வது பொருந்தும். 1961 பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகத்தைத் தொடங்கிற்று. வடக்கிலும் கிழக்கிலும் அரச நிருவாகம் வாரக்கணக்கில் முடங்கிற்று. அரசாங்கம் பொறுத்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 14ஆந் திகதி எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழரசுத் தபாற் சேவையை ஆரம்பித்தார். கட்சியின் சொந்த முத்திரைகளும் தபாலட்டைகளும் விற்கப்பட்டன; சனங்கள் திரண்டு வாங்கினர். முத்திரை விற்பதும் கடிதம் விநியோகிப்பதும் அரசுக்கே உரிய தனியுரிமை என்பது 1908ஆம் ஆண்டுத் தபாற்கந்தோர்க் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. அதனை மீறுவதற்குச் செல்வநாயகம் தெரிவுசெய்த ஆயுதம் ஒரு சிறு கடதாசித் துண்டு. மூன்றாம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தலைவர்கள் கைதாகிப் பனாகொடை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கச்சேரி மறியலைப் பொறுத்த அரசு முத்திரையைப் பொறுக்கவில்லை. தபாற் சேவை நடத்துவதென்பது அரசு நடத்துவதற்கு ஒப்பானது என்பதைச் சிறிமாவோ அரசாங்கமும் அன்று விளங்கி வைத்திருந்தது.

போர்க்காலத்தை விரைவாகவே கடக்கிறேன். அதனை எழுதுவதானால் தனி நூலே வேண்டும். 1990 ஜூனில் வடக்குக்கான றெயில் நின்றது. 2014 ஒக்டோபரிலேயே யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்குள் வந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் தபாற் பைகள் லொறியிலும் கப்பலிலும் விமானத்திலும் போயின. சில வேளை போகாமலே கிடந்தன. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது. கடிதத்தைத் தபாலிற் சேர்ப்பதிலும் பார்க்கக் கொழும்புக்குப் போகிறவரின் கையிற் கொடுப்பது நிச்சயமானது என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. அந்தப் பழக்கம் போர் முடிந்தபின்னும் மாறவில்லை. இருந்தும், எறிகணைகளுக்கு நடுவே சைக்கிளில் திரிந்த தபாற்காரரை வடக்கு மக்கள் மறக்கவில்லை. சேவை தேய்ந்ததற்குப் போர் ஒரு காரணம். ஆனால் றெயில் ஓடிய, குண்டு விழாத தெற்கிலும் சேவை தேய்ந்தது. ஆகவே போரை மட்டும் சாட்டுச் சொல்லித் தப்பமுடியாது.

பின்னர் நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 2000ஆம் ஆண்டில், பாதுகாப்பைக் காரணங்காட்டி, கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே 1895இலிருந்து நின்ற பிரதான தபாற்கந்தோர் அங்கிருந்து அகற்றப்பட்டது. பெரிய தூண்களைக் கொண்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைக் காணாத தலைமுறைக்கு, தபாற் திணைக்களம் நாட்டின் நடுவில் இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நுவரெலியாவில் 1894இல் கட்டப்பட்ட செங்கல் தபாற்கந்தோரைச் சுற்றுலா விடுதிக்குக் கொடுக்கும் யோசனை வந்து, 2023இன் இறுதியில் தொழிற்சங்கங்கள் அதற்கெதிராக வேலைநிறுத்தம் செய்தன. அழகான கட்டடம் என்பதற்காக ஒரு திணைக்களம் அடிக்கடி செய்தியில் அடிபடுவது அதன் சேவைக்கு நற்சாட்சியன்று.

2022 ஆகஸ்ட் 15ஆந் திகதி சாதாரண கடிதத்தின் கட்டணம் ரூபா 15இலிருந்து ரூபா 50ஆக உயர்ந்தது. நாடு வங்குரோத்தாகிய ஆண்டு. எரிபொருள் விலையும் கடதாசி விலையும் பன்மடங்காகிய ஆண்டு. கட்டணத்தை உயர்த்தியது தவறென்று நான் வாதாடமாட்டேன். மூன்று மடங்குக்கு மேல் வாங்குகிறவர் அதற்கீடாக ஓர் உறுதிமொழியாவது தரவேண்டாமா? இன்று போட்டால் இத்தனை நாளிற் சேரும், சேராவிட்டால் இன்னாரிடம் கேட்கலாம் என்று ஒரு வரி? இரவு வண்டிக் காலத்தில் அப்படி எழுதிய உறுதிமொழி தேவைப்படவில்லை. வண்டியின் நேரசூசியே உறுதிமொழியாக இருந்தது.

ஊழியர் பக்கத்திலும் கணக்கிருக்கிறது. வந்த நேரத்தையும் போன நேரத்தையும் இயந்திரம் பதிவதற்கெதிராகக் கடிதங்களைத் தடுத்து வைப்பது, சங்கங்கள் தம் கையாலேயே தம் கடைசி ஆதரவாளரையும் துரத்துவதாகும். மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லாமற் குடும்பம் நடத்த முடியாத சம்பளம் என்றால் சம்பளத்தைக் கேட்டுப் போராடலாம். நேரத்தை மறைக்கக் கேட்பது, நேரத்தையே தன் மரியாதையாகக் கொண்டிருந்த ஒரு சேவைக்குப் பொருந்தாது. முகாமைத்துவமோ, நூறாண்டு கடந்த 1908ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அந்தக் காலத்துப் படிவங்களையும் வைத்துக்கொண்டு, தனியார் கூரியர் நிறுவனங்கள் வீட்டுக்கு வீடு பொதி கொண்டுசெல்வதை வேடிக்கை பார்த்தது. கடிதம் குறைந்தது உண்மை. பொதி பெருகியதும் அதேயளவு உண்மை. ஊர் தெரிந்த, விலாசம் தெரிந்த, முகம் தெரிந்த ஆட்கள் திணைக்களத்திடமே இருந்தனர்.

டென்மார்க்கின் தபாற் சேவை 2025 டிசம்பர் 30ஆந் திகதி தன் கடைசிக் கடிதத்தை விநியோகித்தது. 1624இல் தொடங்கிய சேவை. அந்நாட்டில் கடிதங்களின் தொகை 2000ஆம் ஆண்டிலிருந்து தொண்ணூறு வீதத்துக்கு மேல் வீழ்ந்துவிட்டது. அரசாங்கக் கடிதங்களே கணினியில் வருகின்றன. கனடாவில் 2024 நவம்பரிலும் 2025 செப்டெம்பரிலும் தபால் நின்றதை அங்கு வாழும் வாசகர்கள் அனுபவித்திருப்பர். எங்கும் இதே கதைதான் என்று நம் அதிகாரிகளுக்கு இவை ஆறுதலாக அமையலாம். டென்மார்க்கில் தபாலை எடுப்பதற்கு முன் அதன் வேலையைச் செய்ய வேறொன்றை வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். நாமோ மாற்றைக் கொடுக்கவுமில்லை, உள்ளதைப் பேணவுமில்லை.

2024இல் இலங்கையில் இரண்டு தேசியத் தேர்தல்கள் நடந்தன. செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல். பதிவு செய்யப்பட்ட வாக்காளர் ஒரு கோடியே எழுபத்தொரு இலட்சம் பேர். இரு தடவையும் வாக்காளர் அட்டையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் தபாற்காரர்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் போனார்கள். அந்த இரண்டு மாதங்களில் அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் சொல்லாத குற்றமில்லை. அட்டை கிடைக்கவில்லை என்று தபாற்காரர்மீது பெரிதாகக் குற்றஞ்சாட்டிய ஒருவரையும் நான் காணவில்லை.